முதல் கணத்தின் மீது வழக்கை வைக்காதீர்கள்: பேரண்டத் தோற்றம் பற்றிய ஒரு பட்டிமன்றக் கேள்விக்கு விடை

சேலத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய கல்லூரியில் "பேரண்டம் தோன்றியது இறையாற்றலாலா, இயற்கையாலா?" என்ற தலைப்பில் பட்டிமன்றம் நடக்க இருக்கிறது, குலுக்கலில் அவருக்கு இறையாற்றல் அணி விழுந்திருக்கிறது. அப்பா பகுத்தறிவாளர். அப்பாயி ஆண்டுதோறும் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக ஏற்காடு ஏறுகிறவர். "பெருவெடிப்பு கடவுளை நிரூபிக்கிறதா, மறுக்கிறதா? எதிரணியால் உடைக்க முடியாத வாதம் என்று ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார்.

பெருவெடிப்பு கடவுளை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இரு தரப்பையும் சமாதானப்படுத்துவதற்காக நான் இப்படிச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். இந்தத் தலைப்பில் நான் கேட்டிருக்கும் பேச்சுகளில் பெரும்பாலானவை, எந்த அணியிலிருந்து வந்தாலும், தங்கள் வழக்கின் முழுப் பாரத்தையும் அண்டத்தின் முதல் கணத்தின் மீது ஏற்றிவைக்கின்றன. இயற்பியலுக்கு மிகக் குறைவாகத் தெரிந்த இடம் அதுதான். ஆழ்ந்து சிந்தித்த சமய தத்துவங்களுக்கு மிகக் குறைவாகத் தேவைப்படும் இடமும் அதுதான். இந்த இரண்டையும் விளக்கிவிட்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

கால அளவைப் பற்றி ஒரு உணர்வு வேண்டும் என்பதால் நம் ஊர் மலையிலிருந்தே தொடங்குகிறேன். ஏற்காடு மலைப்பாதையில் சாலையோரம் வெட்டுப்பட்டுத் தெரியும் கருமை படர்ந்த பாறை பெரும்பாலும் சார்னக்கைட் வகையைச் சேர்ந்தது. பூமியின் மேலோட்டில் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, பிறகு மேலே வந்த பாறை அது. அதிலுள்ள சிர்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாகச் சிதைந்திருக்கிறது என்று அளந்து, அதன் வயதைச் சுமார் 250 கோடி ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பாறையின் மேற்பரப்பு மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் கரைந்து, கரையாத அலுமினியச் சேர்மங்கள் மிஞ்சி, மலையுச்சியில் பாக்ஸைட் படிந்தது. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு, அண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு. அதாவது அண்டத்தின் மொத்த ஆயுளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான காலத்தை நம் சேர்வராயன் மலைப் பாறைகள் இருந்து கடந்திருக்கின்றன. மலை எப்படி உண்டாயிற்று என்ற கேள்விக்கு நிலவியல் தரும் இந்த விடை முழுக்க முழுக்க இயற்கையானது. அதே மலையின் உச்சிப் பீடபூமியில் குகைக்குள் சேர்வராயன் இருக்கிறார். உங்கள் அப்பாயி போய்க் கும்பிடுகிறார். பாக்ஸைட்டா, சேர்வராயனா என்று ஏற்காட்டில் பட்டிமன்றம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மலைக்கு எழாத சண்டை அண்டத்துக்கு மட்டும் ஏன் எழுகிறது? அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மலைக்கு முன்னால் பாறைக்குழம்பு இருந்தது, அதற்கு முன்னால் விண்மீன்களுக்கு இடையிலான தூசி இருந்தது என்று காரணத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டே பின்னால் போகலாம். அண்டத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்றால் அந்தச் சங்கிலி அங்கே அறுந்து நிற்பதுபோல் தோன்றுகிறது. அறுந்த இடத்தில் கடவுளை வைக்கலாம் என்று ஒருவருக்கும், அங்கேயும் இயற்கை விதியே இருந்தது என்று மற்றொருவருக்கும் ஆசை பிறக்கிறது. ஆகவே அறிவியல் உண்மையில் ஒரு தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிக்கப்பட்டிருப்பது இதுதான். ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளின்படி அண்டம் விரிவடைய வேண்டும் என்று பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமெய்த்ர் 1927இல் எழுதினார். தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் விலகிச் செல்கின்றன என்பதை எட்வின் ஹப்பிள் 1929இல் வெளியிட்டார். விரிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், முற்காலத்தில் அண்டம் அடர்த்தியாகவும் கொதிநிலையிலும் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்தச் சூட்டின் எச்சம் இன்றும் வானெங்கும் இருக்க வேண்டும். அதைத்தான் பென்சியாசும் வில்சனும் 1964இல், தேடாமலே, தங்கள் வானொலி அலைவாங்கியில் ஓயாத இரைச்சலாகக் கேட்டார்கள். மறு ஆண்டு அதன் பொருள் விளங்கியது. எல்லாத் திசையிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும், 2.7 கெல்வின் வெப்பநிலைக்குரிய நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு அது. அண்டம் சுமார் 3,80,000 ஆண்டு வயதாக இருந்தபோது கிளம்பிய ஒளி, விரிவினால் குளிர்ந்து நம்மை வந்தடைகிறது. இன்னும் முன்னே சென்றால், முதல் சில நிமிடங்களில் நடந்த அணுக்கருச் சேர்க்கையால் சாதாரணப் பருப்பொருளின் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஹீலியமாக இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அளந்தால் அவ்வாறே இருக்கிறது. அண்டத்தின் முதல் நிமிடங்களைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையோடு பேச முடிவதே எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் அந்த நிமிடங்களிலிருந்து பூஜ்யம் வரை போவது வேறு பயணம். சார்பியல் சமன்பாடுகளை மட்டும் நம்பிப் பின்னோக்கிப் போனால் அடர்த்தி முடிவிலியாகும் ஒருமைப்புள்ளி வருகிறது. கொல்கத்தாவில் பணியாற்றிய அமல் குமார் ராய்சௌதுரி 1955இல் வெளியிட்ட சமன்பாடுதான் இதற்கு அடித்தளம். அதன் மேல்தான் பின்னர் பென்ரோசும் ஹாக்கிங்கும் தங்கள் தேற்றங்களைக் கட்டினார்கள். ஒரு கோட்பாட்டின் சமன்பாட்டில் முடிவிலி வருவதைப் பெரும்பாலான இயற்பியலாளர்கள் "இந்த இடத்தில் ஒன்று நிகழ்ந்தது" என்று படிப்பதில்லை. "இந்தக் கோட்பாடு இதற்கு மேல் செல்லாது" என்றே படிக்கிறார்கள். முதல் நொடியின் மிக நுண்ணிய பகுதிக்குள், அதாவது தசமப் புள்ளிக்குப் பின் 42 பூஜ்யங்கள் வந்து பிறகே ஓர் எண் வரும் அளவு சிறிய காலத்துக்குள், ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதற்கு எல்லோரும் ஏற்ற கோட்பாடு இன்னும் இல்லை. முன்மொழிவுகள் பல உண்டு. காலமே ஒரு விளிம்பில்லாமல் வளைந்து தொடங்குகிறது என்று ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் 1983இல் எழுதினார்கள். சுருங்கிக்கொண்டிருந்த முந்தைய அண்டம் ஒன்று துள்ளித் திரும்பி விரியத் தொடங்கியது என்று அபய் அஷ்டேகர் போன்றவர்களின் ஆய்வு சொல்கிறது. ஊழிக்குப் பின் ஊழியாக அண்டம் தொடர்கிறது என்று பென்ரோஸ் வாதிடுகிறார். இவற்றில் எதுவும் நிறுவப்படவில்லை. ஆக, பெருவெடிப்பு என்பது ஆரம்பகால அண்டம் கொதிநிலையிலிருந்து விரிந்த வரலாறு. எல்லாவற்றின் தொடக்கமும் அதுதானா என்பது திறந்தே கிடக்கிறது.

எனவே உங்கள் அணியில் யாராவது, "தொடங்கிய எதற்கும் காரணம் உண்டு, அண்டம் தொடங்கியது, ஆகவே காரணம் உண்டு" என்று மேசையைத் தட்டினால், எதிரணியில் விவரம் தெரிந்தவர் இரண்டாம் வரியிலேயே பிடித்துவிடுவார். இந்த வாதம் பழமையானது. இஸ்லாமிய அறிஞர் அல் கஸாலி இதை ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்பே திறமையாக முன்வைத்தார். வாதத்தை மதிக்கிறேன். பெருவெடிப்பு அதன் இரண்டாம் வரியை நிரூபித்துவிட்டதாகச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

எதிரணிக்கும் இதே போன்ற ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. "ஒன்றுமில்லாததிலிருந்து குவாண்டம் முறையில் அண்டம் தானாகத் தோன்றும் என்று இயற்பியல் காட்டிவிட்டது, கடவுளுக்கு வேலை இல்லை" என்று சொல்வார்கள். அலெக்சாண்டர் விலென்கின் 1982இல் அப்படியொரு மாதிரியை எழுதியது உண்மைதான், அழகான கணக்கு. ஆனால் அந்த "ஒன்றுமில்லாமை"யில் குவாண்டம் விதிகள் இருக்கின்றன, அவை எதன் மீதோ செயல்படுகின்றன, ஒரு நிகழ்தகவையும் தருகின்றன. வெற்றிடம் என்று இயற்பியலில் சொல்லப்படுவது புலங்கள் நிறைந்தது. அது உண்மையான இன்மை இல்லை. விதிகள் ஏன் இருக்கின்றன, அவை ஏன் இந்த விதிகளாக இருக்கின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இந்த மாதிரி ஒன்று நாளைக்கே உறுதிப்பட்டாலும், இறைநம்பிக்கையாளர் "அந்த விதியை வைத்தவர் யார்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

முதல் கணத்தைக் கட்சிக் கொடியாக்கக் கூடாது என்பதற்கு இருவரின் வாழ்க்கையே போதும். முதலாமவர் மேலே சொன்ன லெமெய்த்ர். அவர் கத்தோலிக்கப் பாதிரியார். அண்டம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்திருக்கலாம் என்று 1931இல் எழுதியவரும் அவரே. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் ஆற்றிய உரையில், நவீன அறிவியல் படைப்பின் கணத்துக்குச் சாட்சி சொல்கிறது என்ற தொனி இருந்தபோது, லெமெய்த்ருக்கு அது உவக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது, நாத்திகரும் அதைத் தாராளமாக ஏற்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. இரண்டாமவர் பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில். அவர் நாத்திகர், அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை, விரியும் இடைவெளிகளில் புதிய பருப்பொருள் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்ற நிலைமாறா அண்டக் கோட்பாட்டை 1948இல் ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகியோர் எழுதிய அதே காலத்தில் எழுதினார். எதிர்க்கோட்பாட்டுக்கு "பெருவெடிப்பு" என்ற பெயரை 1949இல் பிபிசி வானொலியில் வைத்தவரும் அவரே. தொடக்கம் என்பதில் சமய வாடை அடிக்கிறது என்பதும் அவருடைய எதிர்ப்புக்கு ஒரு காரணம். நுண்ணலைக் கதிர்வீச்சு கிடைத்த பிறகும் அவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. நம் ஜெயந்த் நார்லிகரோடும் ஜெஃப்ரி பர்பிட்ஜோடும் சேர்ந்து 1993இல் திருத்திய வடிவம் ஒன்றை வெளியிட்டார். தொடக்கத்தைக் கண்ட பாதிரியார் அதைக் கடவுளுக்குச் சாட்சியாக்க மறுத்தார். தொடக்கத்தை மறுத்த நாத்திகரின் கோட்பாடு ஆய்வில் தோற்றது, ஆனால் அந்தத் தோல்வியால் அவருடைய நாத்திகம் பொய்யாகிவிடவில்லை.

நம் மரபுக்கு வருகிறேன். நீங்கள் சைவ மேடைப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்திருந்தால் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் அண்டங்கள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்று வருவதை எடுத்துக்காட்டி, மாணிக்கவாசகர் அன்றே பெருவெடிப்பைச் சொல்லிவிட்டார் என்று முழங்கக் கேட்டிருப்பீர்கள். கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். ஆனால் அந்தப் பாடல் இறைவனின் பெருமைக்கு முன் அளவிறந்த அண்டங்களும் சிறு துகளாகிவிடும் என்ற வியப்பைப் பாடுகிறது. ஹப்பிளின் அளவீட்டை அதன் தலையில் ஏற்றினால் பாடலுக்கும் நட்டம், அளவீட்டுக்கும் நட்டம். நாளை அறிவியல் மாறினால் மாணிக்கவாசகரையும் மாற்றிக்கொள்வீர்களா என்று எதிரணி கேட்டால் பதில் இருக்காது. இதை மட்டும் தயவுசெய்து மேடையில் எடுக்காதீர்கள்.

அதைவிட வலுவான கருவி நம்மிடம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பா, "அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்" என்று தொடங்குகிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றுதல், நிலைத்தல், ஒடுங்குதல் என்ற மூன்று செயல்களுக்கு உட்படுவது. ஆகவே அது தானே நிற்பது அன்று, ஒடுக்குபவன் எவனோ அவனிடமிருந்தே மீண்டும் தோன்றுவது என்பது வாதம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சித்தாந்தத்தில் இறை, உயிர், பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுமே தொடக்கமில்லாதவை. உலகம் மாயை என்ற முதற்காரணத்திலிருந்து, அதாவது மூலப்பொருளிலிருந்து, தோன்றுகிறது. குயவன் மண்ணைப் படைப்பதில்லை, மண்ணைக் குடமாக்குகிறான் என்ற உவமையை அந்த மரபே சொல்கிறது. இன்மையிலிருந்து உலகத்தைக் கொண்டுவரும் ஒரே ஒரு முதல் கணம் என்பதே அங்கே கிடையாது. தோற்றமும் ஒடுக்கமும் மீண்டும் மீண்டும் நிகழ்பவை. ஆகையால் அண்டத்துக்கு முன் இன்னோர் அண்டம் இருந்தது என்று நாளைக்கு ஆய்வு காட்டினாலும் சித்தாந்திக்குக் கவலை இல்லை.

அதே 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைத் தன் மறைநூலை நம்பி ஏற்றுக்கொண்டார். ஆனால் அதைப் பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது என்று வெளிப்படையாகவே எழுதினார். படைப்பு என்பது என்றோ நடந்து முடிந்த நிகழ்ச்சி இல்லை, ஒவ்வொரு கணமும் உலகம் தன் இருப்புக்கு இறைவனைச் சார்ந்திருப்பதுதான் படைப்பு என்பது அவர் விளக்கம். மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூரும் அக்வினாஸின் பாரிசும் ஒன்றையொன்று அறியாத காலத்தில், இரு அறிஞர்களும் தங்கள் கடவுளை முதல் நொடியில் கட்டிப்போடவில்லை. உங்கள் அணி நிற்க வேண்டிய நிலம் இதுதான். "எப்போது தொடங்கியது?" என்பதை விட்டுவிட்டு, "ஒன்றுமில்லாமல் இருப்பதற்குப் பதில் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது?" என்று கேளுங்கள். ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் இந்தக் கேள்வியைக் கூர்மையாக வடித்தார். எந்தத் தொலைநோக்கியும் அதைத் தொடாது.

இதற்கு எதிரணியின் நல்ல பதிலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1948இல் பிபிசியில் கோபிள்ஸ்டன் என்ற இயேசு சபைப் பாதிரியாரோடு நடந்த விவாதத்தில் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் சொன்னது அது: ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டு என்று ஆகிவிடாது, அண்டம் இருக்கிறது, அவ்வளவுதான். பகுதிக்குப் பொருந்துவது முழுமைக்குப் பொருந்த வேண்டியதில்லை என்ற இந்த ஆட்சேபம் மெய்கண்டாரின் முதல் நூற்பாவையும் நேராகத் தொடுகிறது. அவருடைய மாணவர் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பரபக்கத்தில் முதலில் எடுத்து மறுப்பது, கடவுளை ஏற்காத பொருள்முதல்வாதிகளான உலகாயதரைத்தான் என்பதை நினைத்தால், இந்த வழக்கு நம் மண்ணிலும் எவ்வளவு காலமாக நடக்கிறது என்பது புரியும். என் கருத்தைக் கேட்டால், ரஸலின் பதிலில் தர்க்கப் பிழை இல்லை. "இருக்கிறது, அவ்வளவுதான்" என்பதோடு நிறைவடைய முடிகிறவருக்கு அது போதும். நிறைவடைய முடியாதவரை அது அசைக்காது. இறைவன் ஏன் இருக்கிறான் என்று திருப்பிக் கேட்டால், நம்பிக்கையாளரும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. "அவன் இருப்பே அவன் இயல்பு" என்பார். இரு அணியும் எங்கோ ஓரிடத்தில் விளக்கத்தை நிறுத்துகின்றன.

மிச்சமிருப்பது மாறிலிகளின் நுண்பொருத்தம், அதாவது இயற்பியலின் அடிப்படை எண்கள் உயிர் தோன்ற இடம் தரும்படி துல்லியமாக அமைந்திருப்பது. உங்கள் அணியின் கையில் இருப்பதிலேயே மதிப்புள்ள அறிவியல் சீட்டு அதுதான். அண்டத்தின் விரிவை முடுக்கும் ஆற்றல், எளிய கணிப்பு எதிர்பார்ப்பதைவிடச் சுமார் 120 படி சிறியதாக, அதாவது ஒன்றுக்குப் பின் 120 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுத்த அளவில் இருக்கிறது. அது கணிசமாகப் பெரிதாக இருந்திருந்தால் விண்மீன் திரள்களே கூடியிருக்காது. விண்மீனுக்குள் கார்பன் உருவாக வேண்டுமானால் அதன் அணுக்கருவில் குறிப்பிட்ட ஆற்றல் நிலை ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1953இல் முன்கூட்டியே சொல்லி, அது ஆய்வகத்தில் கிடைக்கவும் கண்டவர் அதே ஹாயில். பிற்காலத்தில், இயற்பியலோடு ஏதோ பேரறிவு விளையாடியிருப்பதுபோல் தோன்றுகிறது என்ற பொருள்பட எழுதினார். எதிரணி இதற்குப் பல அண்டங்கள் என்ற கருத்தை வைக்கும்: எண்ணற்ற அண்டங்களில் மாறிலிகள் வெவ்வேறாக இருந்தால், உயிர் வாழத்தக்க ஒன்றில்தான் நாம் இருந்து கேள்வி கேட்க முடியும். ஸ்டீவன் வைன்பெர்க் 1987இல் இந்த வழியில் யோசித்து அந்த முடுக்க ஆற்றலின் உச்ச வரம்பைக் கணித்தார். 1998இல் அளக்கப்பட்டது அந்த வரம்புக்குள் அடங்கியது. அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் மற்ற அண்டங்களை எவரும் பார்த்ததில்லை. மறுபுறம், மாறிலிகள் வேறாக இருந்திருக்க முடியுமா, எந்தெந்த அளவில் எவ்வளவு வாய்ப்போடு என்று தெரியாமல் "வாய்ப்பே இல்லாதது நடந்திருக்கிறது" என்று சொல்வதற்கும் கணித அடிப்படை பலவீனமானது. நுண்பொருத்தத்தை வியப்பாக வையுங்கள். நிரூபணமாக வைத்தால் குறுக்குக் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் அப்பாவிடம் பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில், இதே சேலத்தில் நடந்த மாநாட்டில். பெரியாரின் கடவுள் மறுப்புக்கு மையம் அண்டவியல் இல்லை. கடவுளின் பெயரால் மனிதன் மனிதனைத் தாழ்த்துவதை எதிர்த்ததே அதன் விசை. அந்த வாதத்துக்கு 1380 கோடி ஆண்டு முந்தைய நிகழ்ச்சியின் துணை தேவையே இல்லை, அந்த நிகழ்ச்சியால் அதற்கு ஆபத்தும் இல்லை. ஆனால் அந்த வாதத்துக்கு அண்டத் தோற்றத்தைப் பற்றிய உங்கள் பேச்சு பதிலாகாது. நடுவர் அந்தப் பக்கம் திருப்பினால், அது வேறு தலைப்பு என்று நாகரிகமாகச் சொல்லிவிடுங்கள்.

மேடையில் நேரம் குறைவாகத்தான் தருவார்கள். முதல் நிமிடத்திலேயே நுண்ணலைக் கதிர்வீச்சையும் ஹீலியத்தையும் சொல்லி, பெருவெடிப்பை உங்கள் அணி முழுமையாக ஏற்கிறது என்று அறிவித்துவிடுங்கள். எதிரணி தயாரித்து வந்ததில் பாதி அங்கேயே செலவாகிவிடும். அடுத்து லெமெய்த்ரையும் ஹாயிலையும் அருகருகே நிறுத்துங்கள். பிறகு மெய்கண்டாரின் நூற்பாவை முழுதாகச் சொல்லி, அது கேட்பது தொடக்கத்தை இல்லை, உலகம் இறையைச் சார்ந்திருப்பதை என்று விளக்குங்கள். ரஸலின் ஆட்சேபத்தை எதிரணி எழுப்பும் முன் நீங்களே எடுத்துவைத்து, உங்களால் முடிந்த பதிலைச் சொல்லுங்கள். "அப்படியானால் கடவுள் இருப்பதை நிரூபித்துவிட்டீர்களா?" என்று நடுவர் கேட்டால், இல்லை என்றே சொல்லுங்கள், இயற்கை விதி எவ்வளவு விளக்கினாலும் இந்தக் கேள்வி காலாவதியாகாது என்பதைத்தான் காட்டினோம், இறையை ஏற்பது அந்தக் கேள்விக்கு அறிவுக்கு ஒவ்வாத விடை இல்லை என்பதுதான் எங்கள் கட்சி என்று சொல்லிவிட்டு உட்காரலாம்.